எட்டு ஆவர்த்தனம் நின்ற தம்புரா

இந்த வருஷம் கோடை இசை விழாவுக்கு மலர் போடுகிறார்கள். "முப்பது வருஷம் மேடையில உக்காந்திருக்கீங்க, ஒரு கட்டுரை குடுங்கம்மா" என்று விழாக் குழுவிலிருந்து கேட்டார்கள். உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் நான் பாடியதில்லை, எனக்காக யாரும் கை தட்டியதுமில்லை. பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டினேன். பழைய படங்களில் என்னைத் தேடினால் பாடகரின் தோளுக்கு மேல் ஒரு மரத்தண்டும் அதை ஒட்டிப் பாதிப் பொட்டும் தெரியும். அந்தப் பாதிப் பொட்டுதான் நான்.

இப்போது தம்புராவுக்குக் கைபேசியில் செயலி வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு முதுகு பிடிக்காது, நடுக் கச்சேரியில் தும்மல் வராது. சென்ற வாரம் அந்தச் செயலியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன் செய்தார். எழிலரசியின் 'மணல்' பாட்டை இந்த வருஷமும் பாடுகிறார்களாம்.

"எட்டு ஆவர்த்தனம் தம்புரா நிக்கணும்னு தாள்ல போட்டிருக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணுமா, பட்டுனு நிறுத்தணுமா?"

"பட்டுனு" என்றேன். அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார், அதைக் கடைசியில் சொல்கிறேன். போனை வைத்த பிறகு பார்த்தால், என் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைக்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

நான் பாட்டுக்காரியாக வேண்டும் என்று குத்தாலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் படிக்க வந்தவள். மூன்றாம் வருஷம் தொண்டையில் முடிச்சு விழுந்து, அறுவை செய்து, குரல் போய்விட்டது. ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பெரிய பாடகர் ஒருவர், "தொண்டை போனா காதும் போயிடுமா?" என்று கேட்டுவிட்டு, தம்புராவைத் தூக்கி என் மடியில் வைத்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றே கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அன்று தொடங்கி அவர் பாடிய பாதிக் கச்சேரிகளுக்கு நான்தான் தம்புரா. அவர் முதுகை அவர் சம்சாரத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தம்புராக்காரிக்கு விதி ஒன்றே ஒன்று. நிற்கக் கூடாது. பாடகர் நடுவில் வெந்நீர் குடிக்கலாம், வயலின்காரர் அறுந்த தந்தியை மாற்றலாம். தம்புரா மட்டும் மங்களம் முடியும் வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இருமல் வந்தால் மீட்டிக்கொண்டே இரும வேண்டும். ஒருமுறை மேடையில் என் காலில் தேள் ஏறியது. காலைத்தான் உதறினேனே தவிர கை நிற்கவில்லை.

எங்கள் விழா வைகாசியில் நடக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்தில் யாராவது விழா வைப்பார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை இல்லை, சனத்துக்குக் கச்சேரி கேட்க நேரம் இருப்பது அப்போதுதான். பத்து நாள் விழாவில் முதல் எட்டு நாளும் மாலையில் ஒரு புதுப்பாட்டு உண்டு. இப்போது உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும், எந்தச் சபையிலும் பாடியிருக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை. எட்டுப் பாட்டில் கூட்டத்துக்குப் பிடித்த ஒன்றைக் கடைசி நாளில் இன்னொரு முறை பாடுவார்கள்.

விழாச் செயலாளர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்று மதகில் நின்று ஷட்டர் திறந்து மூடிய மனிதர். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தத்துக்குப் பதிலாகச் சீட்டு வரும். கால் தாளில், பென்சிலில், மணியோடு எழுதியிருப்பார். 'மிருதங்கம் ஆறு மணிக்குச் சுருதி சேர்த்திருக்க வேண்டும். இப்போது ஆறு நாலு.' அவ்வளவுதான். திட்டு வாங்கியவர்கள் மறுநாள் மறந்துவிடுவார்கள், சீட்டு வாங்கியவர்கள் வருஷக்கணக்கில் மறக்க மாட்டார்கள்.

புதுப்பாட்டுக்கு அவர் மூன்று ஒத்திகை வைப்பார். மூன்றாவது முடிந்ததும் சுரத்தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு ஒரு கமகம்கூட மாற்றக் கூடாது. பாடகர், வயலின், மிருதங்கத்துக்குக் கீழே 'தம்புரா' என்று கோடு போட்டு என்னிடமும் தாளை நீட்டிய முதல் ஆள் அவர்தான். அதற்காகவே அவரிடம் எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு விழாவில் நான்காம் நாள் புதுப்பாட்டை எழுதியவள் எழிலரசி. குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பெண். அவள் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளைப் படிக்க வைத்தவர். பாட்டின் பெயர் 'மணல்', சாருகேசி ராகம். நடுவில் மிருதங்கம் முடிந்துவிடும், வயலின் வில்லை எடுத்துவிடும், தம்புராவும் நின்றுவிடும். எட்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் எட்டு முழுச் சுற்று, சவுக்க காலத்தில் மிக மெதுவாக, பாடகர் மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் 'மணலே, மணலே' என்று பாட வேண்டும். பிறகு தம்புரா திரும்பி வரும். அது வந்ததும் பாடகர் ஆதார சுரமான சட்ஜத்தில் ஒரு முழு ஆவர்த்தனம் நின்றுவிட்டு, பல்லவி பாடி முடிக்க வேண்டும்.

பாடத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சுருதி காதில் விழாமல் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பாடினால், பெரும்பாலோர் குரல் தன்னை அறியாமல் மயிரிழை கீழே இறங்கிவிடும். பாடுகிறவருக்குத் தெரியாது. தம்புரா திரும்பி வரும்போது ஊருக்கே தெரிந்துவிடும்.

பாட அழைக்கப்பட்டவர் அண்ணா. அப்போது அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. 'அவருக்கு முன்ன மாதிரி சுருதி நிக்கல' என்று சபைகளில் முணுமுணுப்பு தொடங்கியிருந்த நேரம். அவர் காதுக்கும் அது எட்டியிருந்தது.

"ஏம்மா, தம்புராவ எதுக்கு நிறுத்துற?" என்று முதல் ஒத்திகையில் கேட்டார்.

"அது மேட்டூர் மூடியிருக்கிற மாசங்கய்யா" என்றாள் எழில்.

"அவங்க மூடட்டும். நீ சுருதிய ஏன் மூடுற?"

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் மூன்று ஒத்திகையிலும் அவர் இறங்கினார். ஒவ்வொரு முறையும் தம்புரா திரும்பியதும் முகம் சுளித்து, "மறுபடி" என்று தொடையில் தட்டுவார். எழில் மட்டும், "இருக்கட்டுங்கய்யா, பரவால்ல" என்பாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். மூன்றாவது முடிந்தது. கையெழுத்துப் போட்டோம்.

நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தம்புராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா பால் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வசந்தா, அந்த எடத்துல நீ நிறுத்தாத. மெதுவா மீட்டிக்கிட்டே இரு. மைக்க தள்ளி வச்சுக்க. யாருக்கும் கேக்காது, எனக்குக் கேட்டாப் போதும்."

"கையெழுத்துப் போட்டிருக்கேண்ணா."

"நானுந்தான் போட்டிருக்கேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னைக்கு இறங்கினா அதோட சரி. நாப்பது வருஷம் பாடினது யாருக்கும் ஞாபகம் இருக்காது."

அவர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான், "சரிண்ணா" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் போன ஐந்தாவது நிமிஷம் சீட்டு வந்தது. 'மின்விசிறி முழுதாய் நிற்க ஒரு நிமிஷம் ஆகிறது. அந்த இடத்துக்கு நாலு ஆவர்த்தனம் முன்பே அணைக்கப்படும். தம்புரா ஒலி மிச்சம் இருந்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். 5.20.' செயலாளருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வேலை அப்படி. ஷட்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண்.

மேடை ஏறும்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. முன் வரிசையில் எழில், அவள் அம்மா, வேன் பிடித்து வந்திருந்த ஊர்க்காரர்கள் இருபது பேர். பாட்டு தொடங்கியது. மிருதங்கம் தன் பங்கை முடித்தது. விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. வைகாசிப் புழுக்கம் கூரையிலிருந்து இறங்கி எல்லோர் தலையிலும் உட்கார்ந்தது. வயலின்காரர் நாகராஜன் வில்லை மடியில் வைத்தார்.

நான் நான்கு தந்திகளின் மேலும் உள்ளங்கையை வைத்தேன். தம்புரா நின்றது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். எழிலின் அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பரிசு கொடுக்கும்போது உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். அதுவாக இருக்கலாம். அண்ணாவின் கழுத்து விறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் ஏமாந்துவிட்டார் என்பது அந்த முதுகில் தெரிந்தது.

பாடினார். அற்புதமாகவே பாடினார். நான்காவது ஆவர்த்தனத்தில் குரல் இறங்கத் தொடங்கியது. ஐந்தாவதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. இன்னும் மூன்று ஆவர்த்தனத்தில் நான் தம்புராவை எடுத்தாக வேண்டும். எடுத்தால் அவர் மானம் என் விரலால் போகும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே ஒவ்வொரு தந்தியிலும் ஒரு சிறு மணி கோத்திருக்கும். அதை மேலே தள்ளினால் சுருதி துளி இறங்கும், கீழே இழுத்தால் துளி ஏறும். மரத்தின் வழியே கேட்பதற்காகத் தண்டியில் கன்னத்தை அழுத்திக்கொண்டேன். யாருக்கும் கேட்காமல் தந்தியை நகத்தால் தொட்டு, ஒவ்வொரு மணியாக மேலே தள்ளினேன். பஞ்சமம், இரண்டு சாரணி, மந்தரம், நாலு தந்தியும். வருஷக்கணக்கான பழக்கம், விரலுக்கு அளவு தெரியும். எட்டாவது ஆவர்த்தனம் முடிந்தது. மீட்டினேன். தம்புரா அவர் குரலில் போய் அப்படியே பொருந்தியது.

நாகராஜன் மட்டும் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வயலின் பழைய சுருதியில் இருந்தது. பாவம், கடைசி வரை விரல் வைக்காமல் இழுக்கும் திறந்த தந்தியைத் தொடாமலே சமாளித்து வாசித்தார்.

கை தட்டல் ஓய வெகு நேரம் ஆனது. சுருதியை நான் இறக்கியது தெரியாமல், "இம்மி பிசகல பாத்தியா" என்று ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணா மேடையிலிருந்து இறங்கும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் அப்போது சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்ட பெருமை. பாட்டும் தாளில் உள்ளபடி நடந்தது, அண்ணாவும் தப்பித்தார்.

தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது எழில் வந்தாள்.

"அக்கா, மணிய நகத்துனீங்களா?"

மறைத்துப் பயனில்லை. "ஆமாம்மா. அவர் இறங்கிட்டார்."

"தெரியுங்க்கா. இறங்குவார்னுதானே எழுதுனேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் கோபப்படாமல், வகுப்பில் கணக்கை விளக்குவது போலச் சொன்னாள். "தண்ணி வராத மாசத்துல எங்க வாய்க்கால் மேடு தட்டிப் போயிரும்க்கா. தண்ணி வர்ற அன்னைக்கு அது எங்க மட்டத்துக்கு வராது. நாங்கதான் வெட்டி, அள்ளிப்போட்டு, அதோட மட்டத்துக்குப் போய்ச் சேரணும். வாய்க்கால்ல இறங்கிச் சேர்றோம், பாட்டுல ஏறிச் சேரணும், அதுக்குத்தான் அந்த ஒரு ஆவர்த்தனம். அவர் இறங்கி நிக்கிறது கேக்கணும், அப்புறம் ஏறிப் போய்ச் சேர்றது கேக்கணும். அதுதாங்க்கா பாட்டு. நீங்க தண்ணிய இறக்கி அவர் காலடில கொண்டாந்து விட்டுட்டீங்க."

"அவர்ட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"அவ்ளோ பெரியவர்ட்ட போயி, நீங்க நழுவுவீங்க, அதத்தான் பாட்டா வச்சிருக்கேன்னு எப்படிக்கா சொல்றது?"

அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அழவில்லை. வேன் கிளம்புகிறது என்று போய்விட்டாள். பாடகருக்கு ஒத்துப்போவதுதான் என் தொழில். அந்தத் தொழில் புத்தியே அவள் பாட்டின் உயிரை எடுத்துவிட்டது. வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பிழையைச் செய்யத் தெரிந்தே இருக்காது.

எட்டாம் நாள் இரவு அறிவித்தார்கள். கடைசி நாளில் மறுபடி பாடுவது 'மணல்'. இன்னொரு முறையும் மணியை நகர்த்தினால் அந்தப் பாட்டு அதுதான் என்றே ஆகிவிடும். நகர்த்தாவிட்டால் அண்ணா ஒன்றும் தெரியாமல் போய் விழுவார். பத்தாம் நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வா வசந்தா" என்றார் உற்சாகமாக. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை வெட்டி வைத்திருந்தார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"அண்ணா, அன்னைக்கு நீங்க இறங்கினீங்க."

அவர் சிரித்தார். "தம்புரா சேந்துச்சேம்மா."

"தம்புராவும் இறங்குச்சு. நான் இறக்கினேன்."

உள்ளே குக்கர் மூன்று விசில் அடித்தது.

"எவ்வளவு?"

"ஒரு நெல்லு நீளம் தள்ளினேண்ணா. நாலு மணியையும்."

"நாகராஜனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"தெரியும்ண்ணா." எழில் சொன்ன வாய்க்கால் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றார். பிறகு, "காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போ."

அவ்வளவுதான். மாலையில் பாடுவாரா, பாடினால் அந்த இடத்தைச் சுருக்கிக்கொண்டு தாண்டிவிடுவாரா, ஒன்றும் தெரியாது. மேடைக்குப் பின்னால் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. சுருதி சரிதானா என்று வழக்கமாகத் திரும்பித் தலையசைப்பார், அன்று அதுவும் இல்லை. எழிலின் ஊரிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது.

மிருதங்கம் முடிந்தது. விசிறிகள் நின்றன. உள்ளங்கையை வைத்தேன். அவர் 'மணலே' என்று எடுத்தார். தாண்டவில்லை, சுருக்கவில்லை. இன்னும் மெதுவாகப் பாடினார். மூன்றாவது ஆவர்த்தனத்திலேயே இறங்கத் தொடங்கினார். முன்பைவிட அதிகம். என் வலது கை தானாகக் குதிரையின் பக்கம் போய்விட்டது. விரல் மணியைத் தொட்டது. வேறு வழி தெரியாமல் கையை இழுத்து என் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

எட்டாவது முடிந்தது. கையை எடுத்து மீட்டினேன்.

இரண்டு சுருதியும் மோதிய அந்தச் சத்தம், விசிறி இல்லாத மண்டபத்தில், கடைசி வரிசை வரை போனது. முன் வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார். ஒருவர் குனிந்துகொண்டார். அண்ணா நகரவில்லை. இறங்கிய இடத்திலேயே, எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளும்படி, அரை ஆவர்த்தனம் நின்றார். நான் மீட்டிக்கொண்டே இருந்தேன், கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. பிறகு அவர் குரல் மெல்ல அசைந்தது. மயிரிழை மயிரிழையாக மேலே வந்தது. சேரும் இடம் எல்லோருக்கும் தெரியும். மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டு அவரோடு ஏறியது. அந்தச் சுற்றின் கடைசி அட்சரத்தில் குரலும் தம்புராவும் ஒன்றாயின. எழிலின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது.

கை தட்டல் முதல் தடவை அளவுக்கு இல்லை. 'அண்ணாவுக்கு வயசாயிடுச்சு' என்று சிலர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அடுத்த வருஷம் அவருக்குக் கச்சேரிகள் குறைந்ததும் உண்மை.

அறைக்கு வந்ததும் அண்ணா செயலாளரிடம் சுரத்தாளைக் கேட்டு வாங்கினார். மூன்றாவது ஒத்திகைக்குப் பின் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது விதி. செயலாளர் தன் பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தார். எட்டாவது ஆவர்த்தனத்துக்குப் பக்கத்தில் அண்ணா எழுதினார். 'இங்கே குரல் இறங்கும். இறங்கட்டும். தம்புரா வந்த பின் ஏறிச் சேரவும்.' கீழே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, "நீயும் எழுது" என்று தாளை நீட்டினார். நான் அதன் கீழே, 'தம்புரா: மணியைத் தொடக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்தத் தாளின் நகல்தான் இன்று பாடுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. போனில் அந்தத் தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி இதுதான். "செயலிக்கு மணி கிடையாதும்மா. கடைசி வரிய எடுத்துட்டு அச்சடிக்கலாமா?"

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.